ஒரே மாதிரிக் கிழிசல்

காகிதத்தில் விழுந்திருக்கும் அந்த ஓட்டையில் குறை சொல்ல எதுவும் இல்லை. மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்து ஒட்டிய செய்தித்தாள். அதன் நடுவில் அம்புத்தண்டின் பருமனுக்கு ஒரு வட்டம். வட்டத்தின் விளிம்பிலிருந்து மூன்று திசைகளில் இறகுகள் கீறிய மூன்று மெல்லிய கோடுகள். காம்பவுண்ட் வில்லைச் சீர்செய்பவர்கள் இதைப் புல்லட் ஹோல் என்கிறார்கள். முனை நுழைந்த இடத்திலேயே வாலும் நுழைந்திருக்கிறது. ஆகவே அம்பு நேராகப் போகிறது. ஆகவே வில் ட்யூன் ஆகிவிட்டது. அத்தோடு அலன் கீகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் என் மனம் ஒப்புவதில்லை. நேரானது எது? வில்லா, அம்பா, விட்ட கையா? மூன்றில் ஒன்றுமே நேராகாமல் அப்படியொரு ஓட்டை விழ முடியும். வில்லின் சக்கரம் சற்றே ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம்; பிடித்த கை எதிர்ப்பக்கம் முறுக்கலாம்; இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட, காகிதத்தில் பழுதற்ற வட்டம் விழும். இரண்டு கோணல்கள் சேர்ந்து செய்த நேரை நேர் என்று ஒப்புக்கொள்வதா? இந்தக் கேள்வி நெடுநாளாக என்னோடு இருக்கிறது. மைதானத்தில் இதை யாரிடம் கேட்டாலும், அம்பு இலக்கின் நடு மஞ்சளில் படுகிறதல்லவா, பிறகென்ன என்பார்கள். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அது என் கேள்விக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வேறு எதற்கோ விடை சொல்வதாகவே தோன்றுகிறது.

இந்த வில்லின் உடம்பிலிருந்து தொடங்க வேண்டும். 1960களில் அமெரிக்காவின் மிசூரியைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன், அச்சு நடுவில் இல்லாத சக்கரங்களை வில்லின் இரு முனைகளிலும் பொருத்திப் பார்த்தார். 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969இல் பெற்றார். அச்சு விலகிய சக்கரம் சுழலச் சுழல, இழுக்கும் கை உணரும் பாரம் மாறிக்கொண்டே வரும். பழைய வில்லில் இழுக்க இழுக்கப் பாரம் கூடும். கடைசி அங்குலத்தில்தான் தோள் அதிகம் நடுங்கும். காம்பவுண்டில் பாரம் சீக்கிரமே உச்சிக்கு ஏறி, அங்கேயே சிறிது தூரம் நின்று, பிறகு சட்டென்று சரிகிறது. போட்டிகளில் அனுமதிக்கப்படும் உச்சம் 60 பவுண்டு. முழுதாக இழுத்து முடித்தபின் கையில் தங்குவது பெரும்பாலும் அதில் நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான். குறிபார்க்கக் கிடைக்கும் நிதானம் இந்தச் சரிவால் வருவது. ஆனால் கையை விட்டு இறங்கிய பாரம் எங்கும் மறைந்துவிடவில்லை. அது கேபிள்களில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கேபிள்கள் அம்பின் பாதையில் குறுக்கே நிற்கக் கூடாது என்று ஒரு கம்பி அவற்றை ஒருபக்கமாக ஒதுக்கிப் பிடித்திருக்கிறது. அப்படி ஒதுக்கிய இழுவிசை கைப்பிடியுள்ள நடுத்தண்டையும் சக்கரங்களையும் பக்கவாட்டில் முறுக்குகிறது. நாண் சும்மா நிற்கும்போது சக்கரத்துக்கு ஒரு சாய்வு, முழு இழுப்பில் வேறு சாய்வு. இதோடு மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் ஒரே கணத்தில் தத்தம் தடுப்பில் போய் முட்ட வேண்டும். ஒன்று முந்தினால், நாணில் அம்பு கோத்த இடம் நேர்கோட்டில் ஓடாமல் மேலோ கீழோ அலையும். ஒரு கேபிளில் அரைச் சுற்று முறுக்கேற்றினாலே அந்த முந்தல் மாறிவிடும். கோணல் என்பது இந்த வில்லுக்கு எங்கிருந்தோ வந்து தொற்றிக்கொண்ட நோய் என்ற எண்ணத்தோடுதான் பலரும் சாவியைக் கையில் எடுக்கிறார்கள். வில் பிறக்கும்போதே முறுக்கோடு பிறக்கிறது; நாம் செய்வது அந்த முறுக்குகளுக்கு இடையே ஒரு சமாதானம்.

அம்பும் அப்படியே. நாண் வாலைத் தள்ளும்போது முனை தன் எடையால் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. நடுவில் அகப்பட்ட தண்டு வளைகிறது. விரலால் விடும் வில்லில் நாண் விரல்நுனிகளைச் சுற்றி வழுக்கிப் பக்கவாட்டில் நகர்வதால் வளைவும் பக்கவாட்டில் விழுகிறது. அம்பு மீன் நீந்துவதுபோல நெளிந்து வில்தண்டைக் கடந்து போகிறது. வில்லின் பக்கவாட்டில் சார்த்திய அம்பு குறியிலிருந்து விலகித்தான் நிற்கிறது, ஆனாலும் குறியில் போய்ப் படுகிறது. இந்தப் புதிருக்கு வில்லாளரின் முரண் என்று பெயரிட்டவர் ராபர்ட் எல்மர். 1930களில் இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகக் காமிராவில் அம்பைப் படமெடுத்தபோது, அது வளைந்து, நிமிர்ந்து, மறுபக்கம் வளைந்து போவது எல்லோரும் பார்க்கும்படி பதிவாயிற்று. காம்பவுண்ட் வில்லாளர் விரலால் விடுவதில்லை. ரிலீஸ் என்ற சிறு கருவி நாணைக் கவ்வியிருந்து விடுவிக்கிறது. அதனால் அம்பின் வளைவு பெரும்பாலும் மேலும்கீழுமாக மாறி, அளவில் சிறுத்துப் போகிறது. சிறுக்கிறதே தவிர இல்லாமல் போவதில்லை. 23 கிராம் அளவே எடையுள்ள ஒரு கார்பன் குச்சியின் வாலில் அவ்வளவு விசை வந்து மோதினால் எந்தக் குச்சியும் அசையாமல் இருக்காது. எவ்வளவு வளையலாம் என்பதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். 28 அங்குல இடைவெளியுள்ள இரு தாங்கிகளின்மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் சுமார் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால், அது ஆயிரத்தில் எத்தனை அங்குலம் தாழ்கிறதோ அதுவே அதன் ஸ்பைன். அரை அங்குலம் தாழ்ந்தால் 500. எண் குறையக் குறைய விறைப்பு கூடும். அதே தண்டை ஓர் அங்குலம் வெட்டினால் விறைப்பாக நடந்துகொள்ளும். கனமான முனையைத் திருகினால் இளகி நடந்துகொள்ளும். இந்த வில்லில், இந்தப் பாரத்தில், அளவாக வளைந்து விரைவாக அடங்கும் அம்பைத்தான் தேடுகிறார்கள். வளையாத அம்பு என்று ஒன்றை யாரும் தேடுவதில்லை. நேர் என்று நாம் பார்த்து மகிழ்வது அடங்கி முடிந்த ஓர் அதிர்வைத்தான்.

இதையெல்லாம் காகிதம் சொல்லுமா என்பது அடுத்த சந்தேகம். காகிதம் நல்ல சாட்சி, ஆனால் ஒரே ஒரு கணத்துக்கு மட்டும். வழக்கமாகச் சட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் அளவில் நின்றுதான் விடுகிறார்கள். தூரம் போனால் இறகுகள் அம்பைத் திருத்தி, புறப்பட்டபோது இருந்த கோணலை மறைத்துவிடும் என்பதால் அவ்வளவு நெருக்கம். ஆனால் அதிர்ந்துகொண்டே போகும் தண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வளைய மாறும் இடைக்கணத்தில் காகிதத்தைக் கடந்தால், அந்த ஓட்டையும் வட்டமாகவே விழும். அதனால் அனுபவமுள்ளவர்கள் ஓட்டை ஒழுங்காக விழுந்தபின் ஓர் எட்டு பின்னே போய் விடுகிறார்கள்; இன்னும் ஓர் எட்டு பின்னே போய் மறுபடியும். அதன்பின் இறகு ஒட்டாத தண்டு, அதாவது பேர் ஷாஃப்ட். அதை இறகுள்ள அம்புகளோடு சேர்த்து 18 அல்லது 20 மீட்டரிலிருந்து ஒரே குறிக்கு விட்டு, எவ்வளவு தள்ளி விழுகிறது, எந்தச் சாய்வில் குத்தி நிற்கிறது என்று பார்க்கிறார்கள். இறகு வாலில் காற்றைப் பிடித்து வைக்கும். வால் எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் பின்னுக்கு இழுத்து வரிசையில் நிறுத்தும். இறகில்லாத தண்டுக்கு அந்த உதவி கிடையாது. புறப்பட்ட கோணலைக் கடைசிவரை சுமந்துபோய் இலக்கில் இறக்கும். ஃபோம் பலகையில் இறகம்பு நுழையும்போது எழும் மொத்தென்ற ஓசையையும், சாய்ந்து நுழையும் வெறுந்தண்டின் கரகரப்பையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்லிவிடலாம். அந்தக் கரகரப்பைக் கேட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. வில்லும் கையும் அம்பும் சேர்ந்து செய்ததை அது பூசி மெழுகாமல் சொல்கிறது.

எப்படிக் கிழிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வழிமுறைகள் உண்டு. வால் மேலே கிழித்திருந்தால் நாணில் அம்பு கோக்கும் இடத்தை இறக்கு, அல்லது அம்பு தங்கும் ரெஸ்ட்டை ஏற்று; கீழே கிழித்திருந்தால் மாற்றிச் செய். இதில் சண்டை குறைவு. பக்கவாட்டுக் கிழிசலுக்கு வந்தால்தான் ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கிறார். ரெஸ்ட்டை நகர்த்து என்கிறார் ஒருவர். சக்கரச் சாய்வைப் பார் என்கிறார் இன்னொருவர். தண்டின் விறைப்பு சரியில்லை; கன்னம் நாணை அழுத்துகிறது; இறகு ரெஸ்ட்டில் உரசுகிறது, பவுடர் பூசி விட்டுப் பார்; எல்லாவற்றுக்கும் முன்னால் கிரிப்பைக் கவனி. இந்தக் கருத்து வேறுபாடு அறியாமையால் வருவதாக நான் நினைக்கவில்லை. பக்கவாட்டில் மனிதக் கை கலந்திருக்கிறது, அதனால்தான் ஒரே கிழிசலுக்கு இத்தனை காரணங்கள். கிரிப் உள்ளங்கையில் ஆயுள் ரேகைக்குக் கட்டைவிரல் பக்கமாகப் பதிய வேண்டும் என்று கற்றுத் தருகிறார்கள். ரேகையைத் தாண்டி உள்ளே போனால் கை வில்லை முறுக்கும். முறுக்கினால் வால் ஒதுங்கும். ஒதுங்கியதை ரெஸ்ட்டை அரை மில்லிமீட்டர் தள்ளி அழித்துவிடலாம். அழித்த பிறகு அந்த வில்லை, கையைச் சுத்தமாக வைக்கும் ஒருவரிடம் கொடுத்தால் அவர் கையில் அது கோணலாகக் கிழிக்கும். கடையில், வில்லை வளைத்து நாணைத் தளர்த்தும் பிரஸ்ஸில் பூட்டி நாணை மாற்றி, சக்கரங்களை ஒத்து ஓடவைத்து, நடுக்கோடு பார்த்துத் தருவது தொடக்கம் மட்டுமே. ட்யூன் ஆன வில் என்று ஒன்று யாருடைய கையிலும் இல்லாமல் தனியே இருக்க முடியாது. அந்த அரை மில்லிமீட்டரில் ஒருவருடைய உள்ளங்கை இருக்கிறது. அது அவருடைய பிழையா, அவருடைய இயல்பா என்பதை ரெஸ்ட்டைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

இதைத் தொட்டு நான் கேட்ட மிகச் சிறந்த பேச்சு, புத்தகத்தில் இல்லாதது. வில்லுக்குப் புதிய ஒரு பெண், பள்ளி மாணவியாக இருக்க வேண்டும், பயிற்சியாளரிடம் கேட்டாள்: “சார், இடது பக்கமே கிழியுது. ரெஸ்ட்டைக் கொஞ்சம் தள்ளிரலாமா?” அவர் காகிதத்தைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இரும்மா. இன்னும் நாலஞ்சு அம்பு விடு. ஒரே மாதிரி கிழியுதான்னு பாப்போம்.” விட்டாள். கிழிசல்கள் ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக, ஒன்று ஏறத்தாழ வட்டமாக விழுந்தன. “பாத்தியா? இதுல எதைப் பாத்து ரெஸ்ட்டைத் தள்றது, சொல்லு?” அவள் பதில் சொல்லவில்லை, கையைக் கிரிப்பிலிருந்து எடுத்து உதறிவிட்டு மறுபடியும் வைத்தாள். என் கேள்வி அந்த இடத்தில் வேறு திசைக்குத் திரும்பியது. கோணலா நேரா என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எப்போதும் ஒரே அளவு ஒதுங்கும் அம்புக்கு வில்லை இசைவாக்க முடியும். ஒருமுறை நேராகவும் மறுமுறை ஒதுங்கியும் போகும் அம்புக்கு இசைவாக்க வில்லுக்கு எந்தப் பிடிமானமும் இல்லை. நிலைத்த கோணலை ஏற்றுக்கொள்ளலாம். நிலைக்காத நேரை நம்பி எதையும் தள்ளக் கூடாது. அப்படியானால் ட்யூனிங் என்பது முதலில் காத்திருப்பது, ஒருவர் தன்னைப் போலவே திரும்பத் திரும்ப இருக்கத் தொடங்கும்வரை சாவியைத் தொடாமல் இருப்பது.

இந்த எண்ணத்தை ஷீத்தல் தேவி வில்லெடுப்பதைப் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் தூரம் கொண்டுபோகத் தோன்றுகிறது. ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்துக்காரர். கைகள் இல்லாமல் பிறந்தவர். நாற்காலியில் அமர்ந்து வலது காலால் வில்லைத் தூக்கிப் பிடித்து, வலது தோளால் நாணை இழுத்து, தாடையின் அசைவில் விடுவிக்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் 720க்கு 703 எடுத்தார். ராகேஷ் குமாரோடு கலப்பு அணியில் வெண்கலம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. ஆயுள் ரேகை பற்றிய அறிவுரை அவரிடம் வந்ததும் பொருளிழந்துவிடுகிறது. நிற்கும் நிலை, தோள்களின் கோடு, முழங்கையின் திருப்பம் என்று சரியான வடிவத்துக்கு எழுதிவைத்த இலக்கணம் எல்லாமே இரண்டு கையுள்ள ஓர் உடம்பை மனதில் வைத்து எழுதியது. அவருடைய உடம்பில் கோணல் எது, நேர் எது என்று அந்த இலக்கணத்தைக் கொண்டு சொல்ல முடியாது. அவருடைய கால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே அழுத்தத்தில் வில்லைத் தாங்குகிறதா என்று மட்டுமே கேட்க முடியும். தாங்குகிறது என்பதற்கு அந்த 703 சாட்சி. வில் அவரிடம் வந்திருக்கிறது. அவர் வில்லுக்காகத் தன்னை வேறொருவராக்கிக் கொள்ளவில்லை. இதை விதிவிலக்கு என்று தள்ளிவைக்க எனக்கு விருப்பமில்லை. எல்லா வில்லிலும் நடப்பது இதுதான்; மற்றவர்களில் கண்ணுக்குத் தெரியாத அளவில் நடப்பது அவரில் முழுதாகத் தெரிகிறது. சற்று வெளிப்பக்கம் வளைந்த முழங்கையோ குட்டையான கட்டைவிரலோ உள்ள எவருக்கும் வில் சிறிதாவது இடம் கொடுத்துத்தான் இருக்கிறது.

இங்கேயே நிறுத்திக்கொண்டால் மனம் ஆறியிருக்கும். ஆனால் திரும்ப வருவதெல்லாம் ஏற்றுக்கொள்ளத் தக்கது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இழுப்பு நீளம் ஒருவரின் கைக்கு மீறி வைத்த வில்லைப் பார்க்கிறேன். அதை எட்டுவதற்காக அவர் முதுகைப் பின்னால் சாய்த்து, வில் பிடித்த தோளைக் காதை நோக்கி ஏற்றி, கழுத்தை நாணுக்கு நீட்டுகிறார். ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் அதையே செய்கிறார். வில்லை அதற்கேற்ப நகர்த்திவிட்டால் காகிதத்தில் புல்லட் ஹோல் விழும். பழுது தோளில் சேர்ந்துகொண்டிருக்கும். காகிதம் அதைச் சொல்லாது, இறகில்லாத தண்டும் சொல்லாது. தொடக்கத்தில் சொன்ன ஒவ்வாமையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நன்றாகச் சீர்செய்த கருவி, தீங்கான பழக்கத்தையும் தீங்கற்ற பழக்கத்தையும் ஒரே கண்ணோடு பார்க்கிறது. இரண்டுக்கும் ஒரே பரிசைத் தருகிறது. போட்டியும் அப்படித்தான். காம்பவுண்டில் 50 மீட்டரிலிருந்து 80 சென்டிமீட்டர் இலக்கில் விடுகிறார்கள். பத்து என்பது 8 சென்டிமீட்டர் வட்டம். அம்பு அந்தத் தூரத்தைக் கடக்க அரை விநாடிக்குச் சற்றே மேலாகும். 2023 பெர்லின் உலகப் போட்டியின் இறுதியில் இந்தியாவின் ஓஜஸ் தியோதலே பதினைந்து அம்புகளையும் அந்த வட்டத்துக்குள் வைத்து 150க்கு 150 எடுத்தார். எதிரே நின்ற போலந்துக்காரர் எடுத்தது 149. அந்த அளவு திரும்பச் செய்தல் மனிதரால் ஆகும் என்பதை வியக்காமல் இருக்க முடியாது. வியப்பின் நடுவே, திரும்பச் செய்தலையே அறமாக்கிவிடும் ஆபத்தும் தெரிகிறது. பயிற்சியாளரின் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஒரே மாதிரி கிழிகிறதா என்பதோடு, அப்படிக் கிழிக்க இந்த உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்று.

எதுவும் நிலையாக நிற்பதும் இல்லை. நாணும் கேபிள்களும் பாலிஎதிலீன் வகை இழைகளால் திரித்தவை; புதிதாகப் போட்டதும் சிறிது நீள்கின்றன, வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தால் இன்னும் நீளக்கூடும். குறிபார்ப்பதற்காக நாணின் நடுவே செருகிய பீப் என்ற துளை வளையம் ஒருநாள் கண்ணுக்கு நேராக வராமல் திரும்பி நிற்கும். அப்போதுதான் முறுக்கு மாறியிருப்பது தெரியும். சக்கரங்கள் ஒன்றையொன்று முந்தத் தொடங்கியிருக்கும். மெழுகு தேய்த்து, விரலால் சூடேற உருவி, மறுபடியும் பிரஸ்ஸில் பூட்ட வேண்டும். மெழுகின் மணம் விரல்களில் நாள் முழுக்கத் தங்கும். காலையில் ட்யூன் செய்த கையும் மாலையில் எழுபதாவது அம்பை விடும் கையும் ஒன்றல்ல. களைத்த விரல்கள் தம்மையறியாமல் கிரிப்பை இறுக்கும். எந்தக் கைக்கு வில்லை இசைவாக்குவது, புத்துணர்ச்சியோடு இருப்பதற்கா, களைத்ததற்கா? களைத்த கையோடும் ஒருமுறை காகிதத்தின் முன் நிற்க வேண்டும் என்று சொல்வோர் உண்டு. அது சரியென்றே எனக்குப் படுகிறது. அதில் தெரியும் வித்தியாசத்தை வில்லில் எழுதக் கூடாது, ஆனால் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆகவே நான் நம்புவது ஒரு வரிசையை. முதலில் வில்லை மட்டும் தனியே பார்ப்பது: சக்கரங்கள் ஒத்து ஓடுகின்றனவா, சாய்வு எவ்வளவு, ரெஸ்ட் நடுக்கோட்டில் இருக்கிறதா. அடுத்து அந்த வில்லுக்கும் கைநீளத்துக்கும் ஏற்ற அம்பு. அதன்பின் கை, கை தன் வழக்கத்துக்கு வந்து சேரும்வரை பொறுத்திருப்பது, அந்த வழக்கம் தோளையோ முதுகையோ தின்கிறதா என்று கேட்பது. எல்லாம் முடிந்தபின் மிஞ்சும் கோணலுக்கு மட்டும் ரெஸ்ட்டைத் தள்ளுவது. இரண்டு கோணல்கள் சேர்ந்து செய்த நேரை ஏற்கலாமா என்றால், ஏற்கலாம். இரண்டையும் தனித்தனியே பார்த்த பிறகு. பார்க்காமல் கிடைத்த நேர் தற்செயல், அடுத்த நாணோடு போய்விடும். வில்லில் தள்ளிய ஒவ்வொரு அரை மில்லிமீட்டரும் எதற்காக அங்கே இருக்கிறது, வில்லுக்காகவா, அம்புக்காகவா, தனக்காகவா என்று அந்த வில்லை எடுப்பவருக்குச் சொல்லத் தெரிய வேண்டும். சொல்லத் தெரியாத அரை மில்லிமீட்டரை, அது எவ்வளவு அழகான ஓட்டையைத் தந்தாலும், நடுக்கோட்டுக்குத் திருப்பி வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே நல்லது.